நெட்வொர்க் டிஸ்கவரி: பட்டியலில் ஏறாத கருவியைத் தேடிப் பிடிக்கும் முறை

ஸ்விட்ச், சர்வர், பிரின்டர், கேமரா என்று நெட்வொர்க்கில் உள்ள எல்லாவற்றையும் தானாகத் தேடிப் பட்டியலிடும் மென்பொருளை நிறுவுவது எளிது. அது தரும் பட்டியலை நம்பலாமா என்று உறுதி செய்வதுதான் பெரிய வேலை. இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது வேலைக்கானது. நீங்கள் வைத்திருப்பது ஜாபிக்ஸோ, லிப்ரேஎன்எம்எஸ்ஸோ, ஆப்மேனேஜரோ, சர்வீஸ்நவ்வோ, மெனுவின் பெயர்கள் மாறும். வேலையின் வரிசை மாறாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டியலில் இருக்கும் ஸ்விட்ச் பழுதானால் அலாரம் வரும். பட்டியலில் ஏறவே இல்லாத ஸ்விட்சுக்கு எந்த அலாரமும் வராது. ஸ்கேன் முடிந்து பச்சை விளக்கு எரிந்தால், கொடுத்த முகவரிகளை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டது என்பதுதான் பொருள். எல்லாம் கிடைத்துவிட்டது என்று அது சொல்லவில்லை.

உதாரணத்துக்கு நம் பக்கத்தில் அடிக்கடி காணும் ஒரு அமைப்பை எடுத்துக்கொள்வோம். ஓசூர் சிப்காட்டில் முதன்மை பிளான்ட், பர்கூர் சிப்காட்டில் இரண்டாவது யூனிட், தருமபுரியில் ஒரு குடோன். மூன்றையும் விபிஎன் இணைக்கிறது. ஸ்கேன் சர்வர் ஓசூரில் இருக்கிறது.

1. ஸ்கேனுக்கு முன்பே இரண்டாவது பட்டியல்

எது விட்டுப்போனது என்று ஸ்கேனிடமே கேட்க முடியாது. அதனால் ஸ்கேனோடு தொடர்பில்லாமல் உருவான இன்னொரு பட்டியல் முதலில் கையில் இருக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். பிறகு வரும் ஒவ்வொரு சிக்கலிலும் எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

மூன்று இடங்களிலிருந்து எடுங்கள். ஃபயர்வால் அல்லது கோர் ஸ்விட்சின் ஏஆர்பி அட்டவணை (எந்த ஐபி எந்த மேக் முகவரிக்கு, அதாவது கருவியின் வன்பொருள் முகவரிக்கு உரியது என்ற குறிப்பு), கருவிகளுக்குத் தானாக ஐபி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வரின் பட்டியல், கணக்குப் பிரிவின் கொள்முதல் பதிவேடு. மூன்றிலும் குறை உண்டு. ஏஆர்பியில் சமீபத்தில் பேசிய கருவிகள் மட்டுமே இருக்கும். டிஹெச்சிபியில், கையால் ஐபி கொடுத்த ஸ்விட்சும் என்விஆரும் (கேமரா பதிவுப் பெட்டி) இருக்காது. பதிவேட்டுக்கு என்ன வாங்கினோம் என்று தெரியும், அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. மூன்றையும் ஒரே ஷீட்டில் சேர்த்தால்தான் உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

அப்புறம் ஒருமுறை பிளான்ட்டைச் சுற்றி நடந்து வாருங்கள். ஒவ்வொரு ரேக்கிலும் எத்தனை மேனேஜ்டு ஸ்விட்ச் (ஐபி கொடுத்து நிர்வகிக்கக் கூடியது) என்று எண்ணிக் குறியுங்கள். எடை மேடை அறையிலும் செக்யூரிட்டி கேட்டிலும் மேசைக்கு அடியில் கிடக்கும் ஐந்து போர்ட் ஸ்விட்சுக்குப் பெரும்பாலும் ஐபியே கிடையாது. எந்த ஸ்கேனும் அதை நேராகக் காட்டாது. மேல் ஸ்விட்சின் ஒரே போர்ட்டில் நான்கைந்து மேக் முகவரிகள் தெரிவதுதான் அதன் ஒரே தடயம்.

2. மற்ற முன்தயாரிப்பு

எல்லா சப்நெட்டையும் (நெட்வொர்க்கின் முகவரிப் பிரிவு) எழுதுங்கள்: விலான் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) எண், எந்த ஊர், யார் பொறுப்பு. இங்கேயே ஒரு கண்ணிவெடி இருக்கலாம். பர்கூரிலும் தருமபுரியிலும் இணைய இணைப்போடு வந்த ரவுட்டரை அப்படியே வைத்திருந்தால், இரண்டு இடத்திலும் 192.168.1.0/24 ஓடிக்கொண்டிருக்கும். ஒரே முகவரியில் இரண்டு ஊரில் இரண்டு கருவிகள். இதைச் சரிசெய்யாமல் ஸ்கேன் செய்தால் ஒன்று மற்றொன்றை மேலெழுதிக்கொண்டே இருக்கும். முகவரியை மாற்றுவதே நல்லது. முடியாவிட்டால் ஊருக்கு ஒரு ஸ்கேன் சர்வர் வைத்து, ஒவ்வொன்றின் முடிவிலும் ஊரின் பெயர் ஒட்டி வருமாறு செய்யுங்கள்.

பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மரியாதைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஃபயர்வாலில் உள்ள ஊடுருவல் தடுப்பு, உங்கள் ஸ்கேனைத் தாக்குதல் என்று எண்ணி பாதியில் ஸ்கேன் சர்வரையே தடுத்துவிடும். முதல் 40 முகவரி கிடைத்து மீதி எதுவும் கிடைக்கவில்லை என்றால், முதல் சந்தேகம் இதுதான்.

எல்லாக் கருவிகளும் ஒரே என்டிபி சர்வரிலிருந்து நேரம் எடுக்கட்டும். லாக் எந்த நேரத்தில் எழுதப்படுகிறது என்பதையும் பாருங்கள். ஸ்கேன் சர்வர் யுடிசியிலும் ஃபயர்வால் இந்திய நேரத்திலும் எழுதினால், இரண்டுக்கும் நடுவே ஐந்தரை மணி நேரம் இடைவெளி. காலை 11 மணிக்கு நடந்ததை இன்னொரு லாக்கில் 5:30-இல் தேட வேண்டும். இது தெரியாமல் ஒரு முழு நாளைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. தொடக்கூடாதவற்றை முதலில் ஒதுக்குங்கள்

தொழிற்சாலை நெட்வொர்க்கில் இந்தப் படிக்கு விதிவிலக்கே வைக்காதீர்கள். பிஎல்சி (மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்), பழைய விண்டோஸில் ஓடும் சிஎன்சி மெஷின், ரோபோ கன்ட்ரோலர் போன்றவை எதிர்பாராத பாக்கெட் வந்தால் திணறி நின்றுவிடக்கூடும். பிஎல்சியோடு பேசும் முறைகளில் மாட்பஸ் பயன்படுத்தும் டிசிபி 502, சீமென்ஸ் எஸ்7 பயன்படுத்தும் டிசிபி 102 ஆகிய போர்ட்டுகள் திறந்திருக்கும் சப்நெட்டை ஸ்கேன் வரம்பில் சேர்க்காதீர்கள். லைன் நின்றால் ஒரு ஷிப்ட் உற்பத்தி போய்விடும். அதன் பிறகு உங்களுக்கு யாரும் எந்த அனுமதியும் தரமாட்டார்கள்.

எது எங்கே இருக்கிறது என்று மெயின்டனன்ஸ் பிரிவில் பல வருடம் இருக்கும் அண்ணனுக்குத் தெரியும். அவரோடு உட்கார்ந்து விலக்குப் பட்டியலைத் தயாரியுங்கள். அந்தக் கருவிகளைத் தொடாமலேயே அறிய வழி உண்டு: அவை இணைந்திருக்கும் ஸ்விட்சிடம் மேக் அட்டவணையையும் ரவுட்டரிடம் ஏஆர்பியையும் கேளுங்கள். மாடல் எண் கிடைக்காது. இருப்பு தெரிந்துவிடும், அது போதும்.

பிரின்டரின் டிசிபி 9100 போர்ட்டையும் சோதனையிலிருந்து நீக்குங்கள். அங்கே போகும் எதையும் பிரின்டர் அச்சிட வேண்டிய கோப்பாகவே எடுத்துக்கொள்ளும். குப்பை எழுத்துகளோடு தாள் தாளாக வந்து விழும்.

4. வரம்பைச் சிறிதாக வெட்டுங்கள்

ஒரு /24 சப்நெட்டில் 254 முகவரிகள். ஒரு முகவரிக்கு 2 விநாடி காத்திருப்பு, முதல் முயற்சியோடு மேலும் 2 முயற்சி என்று வைத்தால், பதில் தராத ஒவ்வொன்றும் 6 விநாடி எடுக்கும். ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் காலியான ஒரு /24-க்கு 25 நிமிடம். அதே கணக்கில் 65,534 முகவரிகள் கொண்ட ஒரு /16-க்கு நாலரை நாள். பல முகவரிகளை ஒரே நேரத்தில் சோதித்தால் குறையும். ஆனாலும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று /16 முழுவதையும் கொடுப்பது, முந்தைய சுற்று முடியும் முன்பே அடுத்தது தொடங்க வழிசெய்யும்.

நேரத்தையும் பிரியுங்கள். ஸ்விட்ச், ரவுட்டர், சர்வர் எல்லாம் இரவிலும் விழித்திருக்கும். பேக்கப் ஓடும் நேரத்தை மட்டும் தவிர்த்து எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். அலுவலகக் கணினியும் லேப்டாப்பும் ஜெனரல் ஷிப்டில், காலை 11 மணிவாக்கில்தான் கிடைக்கும். இரவு 2 மணி ஸ்கேனில் கணக்குப் பிரிவின் ஒரு கணினிகூட வரவில்லை என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவை அணைந்திருந்தன, அவ்வளவுதான்.

5. ஆறு படிக்கட்டுகள்

ஒரு கருவி பட்டியலில் ஏறுவதற்குள் ஆறு கட்டங்களைத் தாண்டுகிறது. முகவரி உயிரோடு இருக்கிறதா, சரியான போர்ட் பதில் தருகிறதா, பாஸ்வேர்டு ஏற்கப்பட்டதா, என்ன வகைக் கருவி என்று புரிந்ததா, ஏற்கெனவே பட்டியலில் உள்ளதா புதியதா, உள்விவரம் முழுதாக வந்ததா.

பழுது பார்க்கும்போது இந்த வரிசையை மாற்றாதீர்கள். மேல்படியில் தெரியும் கோளாறு பெரும்பாலும் கீழ்ப்படியில் தொடங்கியிருக்கும். 'அண்ணா, பாஸ்வேர்டு மூணு தடவை மாத்திட்டேன், இன்னும் ஸ்விட்ச் வரல' என்று கூப்பிடும் தம்பிகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, ஸ்கேன் சர்வரிலிருந்து பிங் போகிறதா என்பது. பாதிப் பேர் தங்கள் லேப்டாப்பிலிருந்துதான் பார்த்திருப்பார்கள். லேப்டாப் வேறு விலானில் இருக்கும். அதற்கான ஃபயர்வால் விதி வேறு. எல்லாச் சோதனையையும் ஸ்கேன் சர்வரில் உட்கார்ந்தே செய்ய வேண்டும்.

6. எந்த எண்களைக் கண்காணிப்பது

முதலில் நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு சப்நெட்டை ஸ்கேன் செய்து, இரண்டாவது பட்டியலோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். சரியாக வந்த பிறகே அடுத்த சப்நெட். பத்து சப்நெட்டை ஒரே நாளில் சேர்த்தால் எந்தக் கோளாறு எங்கிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது.

அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் சப்நெட் வாரியாக ஐந்து எண்களைச் சேமியுங்கள்: பிங்குக்குப் பதில் தந்தவை, உள்ளே நுழைய முடிந்தவை, வகை தெரிந்தவை, புதிதாகச் சேர்ந்தவை, எடுத்த நேரம். தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியில்தான் சேதி இருக்கிறது. 180 பதில் தந்து 60-இல்தான் நுழைய முடிந்தது என்றால் பாஸ்வேர்டு அல்லது போர்ட். நுழைந்தவை 170, வகை தெரிந்தவை 90 என்றால் சிக்கல் வகையை அறியும் படியில்.

அலாரம் மூன்றுக்கு வையுங்கள். ஒன்று, ஸ்கேன் ஓட வேண்டிய நேரத்தில் ஓடவே இல்லை; சர்வீஸ் நின்றுபோனால் பிழைச் செய்தியே வராது என்பதால் இது முக்கியம். இரண்டு, பதில் தந்தவற்றின் எண்ணிக்கை வழக்கத்தைவிட வெகுவாகக் குறைந்தது. மூன்று, அது வெகுவாகக் கூடியது. மூன்றாவதைப் பலர் மகிழ்ச்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு /24-இல் 254 முகவரியும் உயிரோடு இருப்பதாக வந்தால், நடுவில் உள்ள ஃபயர்வால் எல்லா முகவரிக்கும் தானே பதில் சொல்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

வேகத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். லிப்ரேஎன்எம்எஸ் வழக்கமான அமைப்பில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளவுகளை எடுக்கிறது, 6 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் டிஸ்கவரி ஓட்டுகிறது. காலையில் சேர்த்த புதிய போர்ட் மதியம்வரை தெரியாமல் இருப்பது பழுதல்ல.

7. படி ஒன்றும் இரண்டும்: முகவரி, போர்ட்

பிங் போகவில்லை என்றால் கருவி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் பல அமைப்புகளில் பிங்கை மறுக்கும். அதே சப்நெட்டில் உள்ள ரவுட்டரின் ஏஆர்பியில் அந்த ஐபிக்கு மேக் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கருவி உயிரோடு இருக்கிறது; பிங் மட்டும் தடைபட்டிருக்கிறது.

கருவியிடம் விவரம் கேட்க ஸ்கேனுக்கு மூன்று வழிகள்: நெட்வொர்க் கருவிகளின் எஸ்என்எம்பிக்கு யுடிபி 161, கட்டளை கொடுத்துக் கேட்கும் எஸ்எஸ்ஹெச்சுக்கு டிசிபி 22, விண்டோஸின் டபிள்யூஎம்ஐக்கு டிசிபி 135. கடைசியில் ஒரு கூடுதல் விஷயம். 135-இல் பேச்சு தொடங்கி, பிறகு 49152 முதல் 65535 வரை ஏதோ ஒரு போர்ட்டுக்கு மாறும். ஃபயர்வாலில் 135 மட்டும் திறந்துவிட்டு, போர்ட் திறந்திருக்கிறது ஆனால் விவரம் வரவில்லை என்று தவிப்பது வாடிக்கை. அவ்வளவு பெரிய வரம்பைத் திறக்க விருப்பமில்லை என்றால் விண்டோஸின் இன்னொரு வழியான வின்ஆர்எம்மின் 5985 அல்லது 5986-க்கு மாறுங்கள்.

யுடிபி சோதனையை டிசிபி போல நினைக்கக் கூடாது. டிசிபியில் திறந்ததா மூடியதா என்று தெளிவாகத் தெரியும். யுடிபியில் பதில் இல்லை என்றால் தடுக்கப்பட்டிருக்கலாம், பாக்கெட் போய்ச் சேர்ந்தும் கருவி மௌனமாக இருக்கலாம். இரண்டில் எது என்று அறிய, ஸ்கேன் சர்வரிலும் கருவிக்கு முன்னால் உள்ள ஃபயர்வாலிலும் ஒரே நேரத்தில் பாக்கெட் பிடித்துப் பாருங்கள். டிசிபிடம்ப்போ வயர்ஷார்க்கோ போதும். கேள்வி ஃபயர்வாலைத் தாண்டிப் போகிறதா, பதில் திரும்பி வருகிறதா என்ற இரண்டே கேள்விகள்.

பதில் திரும்பியும் ஏற்கப்படாமல் போவதும் உண்டு. பல இன்டர்ஃபேஸ் கொண்ட ரவுட்டர், நீங்கள் கேட்ட ஐபியிலிருந்து அல்லாமல் வேறொரு இன்டர்ஃபேஸின் ஐபியிலிருந்து பதில் அனுப்பலாம். ஃபயர்வால் அதைத் தொடர்பற்ற பாக்கெட் என்று எறிந்துவிடும். ரவுட்டரில் லூப்பேக் ஐபி (எந்த இன்டர்ஃபேஸோடும் கட்டப்படாத முகவரி) ஒன்றை நிர்வாகத்துக்கென ஒதுக்கி, பதிலும் அதிலிருந்தே போகுமாறு அமையுங்கள்.

8. படி மூன்று: பாஸ்வேர்டு

எஸ்என்எம்பி 2சி பதிப்பில் கம்யூனிட்டி ஸ்ட்ரிங் (பாஸ்வேர்டு போன்ற சொல்) தவறாக இருந்தால், கருவி 'தவறு' என்று சொல்லாது. பேசாமல் இருந்துவிடும். ஸ்கேன் சர்வரில் அது டைம்அவுட் என்றே தெரியும். ஃபயர்வால் தடையும் அதே டைம்அவுட்தான். இரண்டையும் பிரிக்க ஸ்விட்சின் உள்ளே போய், தவறான கம்யூனிட்டியோடு வந்த கேள்விகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். சிஸ்கோவில் எஸ்என்எம்பி நிலையைக் காட்டும் கட்டளையிலேயே அது வரும். ஸ்கேன் ஓடும்போது அந்த எண் ஏறினால் பாக்கெட் வந்துசேர்கிறது, ஸ்ட்ரிங்தான் தவறு. ஏறவில்லை என்றால் முந்தைய படிக்குத் திரும்புங்கள்.

ஸ்ட்ரிங்கும் சரி, பாக்கெட்டும் வருகிறது, இன்னும் மௌனம் என்றால் ஸ்விட்சின் அனுமதிப் பட்டியலைப் பாருங்கள். பல இடங்களில் எஸ்என்எம்பிக்கு இன்ன ஐபியிலிருந்து மட்டும் பதில் என்று கட்டுப்பாடு இருக்கும். ஸ்கேன் சர்வரைப் புதிய ஐபிக்கு மாற்றிய மறுநாள் எல்லா ஸ்விட்சும் ஒரேயடியாக மறைந்தால் காரணம் இதுதான்.

3-ஆம் பதிப்பு இந்த வகையில் நல்லது. பயனர் பெயர் தவறு, கையொப்பம் தவறு என்று பிரித்துச் சொல்லும். கருவியின் கடிகாரக் கணக்கும் சர்வரின் கணக்கும் 150 விநாடிக்கு மேல் விலகினாலும் மறுக்கும். பழைய ஸ்விட்சை மாற்றி அதே கான்ஃபிக்கைப் புதியதில் ஒட்டும்போது கவனம் தேவை. சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் 3-ஆம் பதிப்புப் பயனரின் வரி, ஓடும் கான்ஃபிக்கில் காட்டப்படுவதில்லை. நீங்கள் எடுத்த நகலில் அது இருக்காது. புதிய ஸ்விட்சில் பயனரைக் கையால் மீண்டும் உருவாக்க வேண்டும். ஸ்கேன் சர்வரில் அந்த ஐபிக்குச் சேமித்திருக்கும் பழைய என்ஜின் ஐடியையும் (3-ஆம் பதிப்பில் கருவியின் அடையாள எண்) அழிக்க வேண்டும்.

விண்டோஸில் பிழை எண்ணின் கடைசி எழுத்துகள் வழிகாட்டும். 800706பிஏ என்று முடிந்தால் ஆர்பிசி (தொலைவிலிருந்து வரும் கேள்வியை ஏற்கும் விண்டோஸ் சேவை) கிடைக்கவில்லை. அது நெட்வொர்க் அல்லது ஃபயர்வால், பாஸ்வேர்டைத் தொட வேண்டாம். 80070005 என்றால் அனுமதி மறுப்பு. நேற்றுவரை வந்த கணினி இன்று 800706பிஏ பிழை தந்தால், அதன் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று மாறிவிட்டதா பாருங்கள். பல கணினிகள் ஒரேயடியாக மறுத்தால், ஸ்கேன் மென்பொருள் பழையதா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் 2023 மார்ச் மாத அப்டேட்டில் டபிள்யூஎம்ஐ சார்ந்திருக்கும் டிகாமின் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. அதற்கு ஏற்றபடி புதுப்பிக்கப்படாத மென்பொருள்கள் அதன்பின் நுழைய முடியவில்லை.

எஸ்எஸ்ஹெச்சில் பழைய ஸ்விட்சுகள்தான் தொல்லை. ஓபன்எஸ்எஸ்ஹெச் 2021இல் வந்த 8.8 பதிப்பிலிருந்து, ஷா-1 என்ற பழைய முறையின் அடிப்படையிலான ஆர்எஸ்ஏ கையொப்பத்தை இயல்பாக ஏற்பதில்லை. ஸ்கேன் சர்வரின் லினக்ஸைப் புதுப்பித்த வாரத்தில் பழைய ஸ்விட்சுகள் காணாமல் போனால், பாஸ்வேர்டைத் தேடாமல் லாக்கில் சாவிப் பரிமாற்றம் தோற்ற வரியைத் தேடுங்கள். அந்த ஸ்விட்சுகளுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுங்கள், சர்வர் முழுவதையும் தளர்த்தாதீர்கள்.

இன்னொன்று, கணக்குப் பூட்டு. டொமைன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு ஸ்கேன் சர்வரில் மாற்ற மறந்தால், அது ஒவ்வொரு கணினியிலும் பழைய பாஸ்வேர்டைத் தட்டிப் பார்த்துக் கணக்கைப் பூட்டிவிடும். டொமைன் கன்ட்ரோலரில் 4740 எண் கொண்ட நிகழ்வு அதைக் காட்டும். ஸ்கேனை நிறுத்தி, பாஸ்வேர்டை மாற்றி, பிறகு பூட்டைத் திறவுங்கள். வரிசை தவறினால் திறந்த வேகத்தில் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

9. படி நான்கு: வகை

கருவியின் வகையை மென்பொருள் பெரும்பாலும் எஸ்என்எம்பியில் 1.3.6.1.2.1.1.2.0 என்ற எண்ணைக் கேட்டால் வரும் பதிலை வைத்துத் தீர்மானிக்கிறது. பதில் 1.3.6.1.4.1.9 என்று தொடங்கினால் சிஸ்கோ, அந்த 9-இன் இடத்தில் 11 என்றால் ஹெச்பி, 311 என்றால் மைக்ரோசாஃப்ட், 8072 என்றால் நெட்-எஸ்என்எம்பி என்ற பொது மென்பொருள். இந்தக் கடைசி எண் பெரிய குழப்பக்காரன். லினக்ஸில் ஓடும் என்விஆர், நாஸ் என்ற கோப்புச் சேமிப்புப் பெட்டி, யுபிஎஸ் கார்டு எனப் பலவும் அதையே தரக்கூடும். ஒரு சின்ன யூனிட்டில் இருபது லினக்ஸ் சர்வர் இருப்பதாகப் பட்டியல் சொன்னால், முக்கால்வாசி கேமரா பெட்டியாக இருக்கும். கருவி விவரத்தில் வரும் தயாரிப்பாளர் பெயரையும் மேக் முகவரியின் முதல் பாதியையும் வைத்து விதி எழுதிப் பிரியுங்கள்.

10. படி ஐந்து: இது அதேதானா, வேறா

விடுபட்ட கருவி ஒரு தொல்லை என்றால், இரண்டாக வரும் கருவியும் ஒன்றாகக் கலந்துபோகும் கருவியும் அதைவிட மோசம். எண்ணிக்கை சரியாக இருப்பது போலவே தெரியும்.

ஐபியை அடையாளமாக வைத்தால் டிஹெச்சிபி மாறும்போதெல்லாம் ஒரே பிரின்டர் புதிது புதிதாகப் பிறக்கும். ஐந்து இன்டர்ஃபேஸ் உள்ள ரவுட்டர் ஐந்து ரவுட்டராக வரும். மேக் முகவரியும் முழுதாக நம்பத் தக்கதல்ல. யுஎஸ்பி நெட்வொர்க் அடாப்டரை மூன்று லேப்டாப்புக்கு மாற்றி மாற்றிச் செருகினால், மூன்றும் ஒரே மேக்கில் வரும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைப்பேசிகள் வைஃபையில் போலி மேக் காட்டுகின்றன. அந்த முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். அப்படி வருபவற்றைப் பட்டியலில் சேர்க்காமல் வடிகட்டலாம்.

சீரியல் எண்தான் நல்ல அடையாளம். ஆனால் அசெம்பிள் செய்த கணினிகளில் ஒரு பொறி இருக்கிறது. பல மதர்போர்டுகளில் சீரியல் எண் இடத்தில் 'டு பி ஃபில்டு பை ஓஈஎம்' என்றோ 'டிஃபால்ட் ஸ்ட்ரிங்' என்றோ நிரப்பாமல் விட்டிருப்பார்கள். மென்பொருள் அதை உண்மையான எண் என்று நம்பி, நாற்பது கணினிகளை ஒரே கணினியாக்கிவிடும். ஒரே பதிவின் பெயர் ஒவ்வொரு சுற்றிலும் மாறிக்கொண்டே இருந்தால் இதுதான் நடக்கிறது. அத்தகைய சொற்களை ஏற்கக்கூடாத சீரியல் பட்டியலில் சேர்த்து, அவற்றுக்கு மதர்போர்டின் மேக்கும் கணினிப் பெயரும் சேர்ந்த அடையாளம் கொடுங்கள்.

ஸ்டாக் செய்த (ஒன்றாக இணைத்து ஒரே ஸ்விட்சாக இயங்கும்) ஸ்விட்சுகளுக்கு ஐபி ஒன்று, சீரியல் பல. ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) கணக்குக்கு ஒவ்வொரு பெட்டியும் தனியாக வேண்டும். பட்டியலில் உறுப்பினர் வாரியாக வருகிறதா என்று பாருங்கள்.

11. படி ஆறு: விவரம் பாதியில் நிற்பது

ஓசூரில் எல்லாம் சரி, பர்கூர் ஸ்விட்சில் மட்டும் பெயரும் மாடலும் வந்து, போர்ட் பட்டியல் வராமல் டைம்அவுட் ஆகிறதா? பாஸ்வேர்டு சரியாக இருப்பதால்தான் பெயர் வந்தது. சிறிய பதில் வருகிறது, பெரிய பதில் வழியில் தொலைகிறது. விபிஎன் ஒவ்வொரு பாக்கெட்டிலும் தன் சுமையையும் ஏற்றுவதால், பெரிய பாக்கெட் துண்டாகிறது. துண்டுகளை நடுவில் ஏதோ ஒரு கருவி எறிந்துவிடுகிறது.

உறுதிசெய்வது எளிது. துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் பிங் அனுப்புங்கள். சாதாரண ஈதர்நெட்டில் அது போகும். விபிஎன் வழியாகப் போகாவிட்டால், போகும்வரை அளவைக் குறைத்துப் பாருங்கள். பிறகு எஸ்என்எம்பியில் ஒரு கேள்விக்கு எத்தனை வரிசைகள் கேட்கலாம் என்ற அமைப்பை 10-க்குக் குறைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நிறையப் பேர் இங்கே காத்திருப்பு நேரத்தைக் கூட்டுகிறார்கள். தொலைந்த பாக்கெட்டுக்கு எவ்வளவு காத்திருந்தும் பயனில்லை.

எது எந்த போர்ட்டில் இணைந்திருக்கிறது என்ற வரைபடம் குறையாக வந்தால் மூன்று காரணங்களைப் பாருங்கள். பக்கத்து ஸ்விட்சை அறியும் முறைகளில், சிஸ்கோவின் சொந்த முறையான சிடிபி அதன் ஸ்விட்சுகளில் இயல்பாக ஓடும், எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான எல்எல்டிபியைப் பல மாடல்களில் நாமே இயக்க வேண்டும். வேறு நிறுவன ஸ்விட்சோடு இணையும் இடத்தில் வரைபடம் அறுந்துபோவது அதனால். மேக் அட்டவணை வழக்கமாக 300 விநாடியில் பழைய பதிவை அழித்துவிடும்; அதிகம் பேசாத பயோமெட்ரிக் மெஷின் அதில் இல்லாமல் போகலாம், ஸ்கேனுக்கு முன் அந்த சப்நெட்டை ஒருமுறை பிங் செய்தால் திரும்ப வரும். பல சிஸ்கோ ஸ்விட்சுகளில் மேக் அட்டவணையை விலான் வாரியாகத்தான் கேட்க முடியும். 2சி பதிப்பில் கம்யூனிட்டி பெயரோடு அட் குறியும் விலான் எண்ணும் சேர்க்க வேண்டும்.

12. காணாமல் போனதை எப்போது நீக்குவது

பல மென்பொருள்களில், இத்தனை நாள் தென்படாத கருவியை நீக்கு என்று விதி வைக்கலாம். எல்லா இடத்துக்கும் ஒரே நாள் கணக்கு வைக்காதீர்கள். கிருஷ்ணகிரி பக்கத்து மாங்கூழ் ஆலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மாம்பழ சீசனில் இரவு பகலாக ஓடும். சீசன் முடிந்ததும் பல பிரிவுகளில் மின்சாரத்தையே நிறுத்திவிடுவார்கள். 90 நாள் விதி வைத்தால், அடுத்த சீசன் வருவதற்குள் ஸ்விட்சும் கேமராவும் பட்டியலிலிருந்து போய்விடும். அவற்றோடு வாரன்டி தேதியும் பழுது வரலாறும் போய்விடும். அத்தகைய இடங்களில் நீக்காமல், 'சீசன் ஓய்வு' என்று ஒரு நிலை கொடுங்கள். சீசன் தொடங்கும் முன் மின்சாரம் கொடுத்த அன்றே ஒரு ஸ்கேன் ஓட்டி எது எழவில்லை என்று பாருங்கள். லோடு வந்து நிற்கும் நாளில் அதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

கோடை இடியும் மின்தடையும் வந்த மறுநாள் சில ஸ்விட்சுகள் பிங்குக்குப் பதில் தந்தும் எஸ்என்எம்பிக்குத் தராமல் இருந்தால், யாரோ கான்ஃபிக்கை மாற்றிவிட்டுச் சேமிக்காமல் விட்டிருக்கிறார்கள். ரீபூட்டில் பழையது திரும்பிவிட்டது. எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற எண்ணைப் பார்த்தால் ரீபூட் ஆனது தெரியும். அந்த எண் 32 பிட் என்பதால் ஏறக்குறைய 497 நாளில் தானே பூஜ்யத்துக்குத் திரும்பும். பல மாதங்களாக அசையாத ஸ்விட்சில் அதை ரீபூட் என்று எண்ணிவிடாதீர்கள்.

13. சரிசெய்த பின்

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றியதும் அந்த ஒரு ஐபியை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். முழு வரம்பையும் மறுபடி ஓட்டினால் பதிலுக்கு அரை மணி நேரம் காத்திருப்பீர்கள். அதற்குள் பொறுமை இழந்து இன்னொன்றையும் மாற்றிவிடுவீர்கள், எது சரிசெய்தது என்று தெரியாது.

கையால் ஓட்டிய ஸ்கேனில் வந்துவிட்டது என்று டிக்கெட்டை மூடாதீர்கள். கையால் ஓட்டும்போது உங்கள் கணக்கு, தானாக ஓடும்போது சர்வீஸ் கணக்கு. இரண்டின் அனுமதியும் வேறாக இருக்கலாம். அட்டவணைப்படி ஓடும் அடுத்த சுற்றில் கருவி தானாக வந்து, இரண்டாவது பட்டியலின் வரியோடு சீரியல் எண்ணும் பொருந்தினால் மூடுங்கள். சோதனைக்காகத் திறந்த ஃபயர்வால் விதி, தளர்த்திய அனுமதிப் பட்டியல், தற்காலிக பாஸ்வேர்டு ஆகியவற்றை அன்றே திரும்ப எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு இன்னொரு சுற்று ஓடவிட்டு, கருவி அப்போதும் வருகிறதா என்று பாருங்கள்.